இரும்புக்கை மாயாவி: ஓர் எதிர்நாயகனின் பதிப்பு வரலாறு

முன்னுரை

தமிழ்ப் படக்கதை வாசகர் நாயகனாகப் போற்றும் இரும்புக்கை மாயாவி, மூலத்தில் குற்றவாளியாகத் தோன்றியவன். அவனுடைய எதிர்நாயகத் தன்மை பதிப்பு வடிவங்களுக்கேற்ப மாறியதையும், தமிழ்ப் பெயரில் அதன் சுவடு எஞ்சியதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வார இதழ்த் தொடர்

1962 அக்டோபர் 6 அன்று இங்கிலாந்தில் ஃபிளீட்வே நிறுவனம் ‘வேலியண்ட்’ என்னும் சிறுவர் வார இதழைத் தொடங்கியது. முதல் இதழிலேயே ‘ஸ்டீல் கிளா’ தொடர் இடம்பெற்றது. கென் பல்மர் எழுத, எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். பின்னர் டாம் டல்லி எழுதினார். ஆய்வக உதவியாளன் லூயிஸ் கிராண்டெல் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்தப்பெற்றவன். மின்னதிர்ச்சிக்கு உள்ளானால் அவன் உடல் மறையும். எஃகுக்கை மட்டும் புலப்படும். இவ்வாற்றலை அவன் முதலில் குற்றங்களுக்கே பயன்படுத்தினான். பின்னரே திருந்தி, உளவாளியானான். வாரந்தோறும் வளர்ந்த தொடர் வடிவம் இம்மாற்றத்திற்கு இடமளித்தது.

முழுக்கதை நூல்

1967இல் தொடங்கிய ‘ஃபிளீட்வே சூப்பர் லைப்ரரி’ வரிசையில் கிராண்டெல் உளவாளியாக மட்டுமே வருகிறான். ஒரு நூலுக்கு ஒரு பணி என்னும் அமைப்பில் அவனது குற்றப் பின்னணிக்குத் தேவை இல்லை. எனவே, அவன் நாயகனாக உருமாறியது தமிழாக்கத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. மூலப் பதிப்பகமே அதனைத் தொடங்கிவைத்தது எனலாம்.

தமிழ்ப் பெயர்

1972இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மூலத் தலைப்பு எஃகாலான உகிரை மட்டுமே சுட்டுகிறது. அதில் ஆள் இல்லை, அச்சமே உண்டு. தமிழ்த் தலைப்பில் உகிர் கையாகிறது. கைக்கு உரியவனும் பெயர் பெறுகிறான். எனினும் ‘மாயாவி’ நற்பொருள் மட்டும் தரும் சொல்லன்று. இராமாயண மரபில் வாலியோடு பொருத அசுரனின் பெயரும் அதுவே. வியப்பும் ஐயமும் அச்சொல்லில் ஒருங்கே உறைகின்றன.

முடிவுரை

தொடர் வடிவம் வளர்த்த எதிர்நாயகனை முழுக்கதை வடிவம் நாயகனாக்கியது. வடிவம் மறைத்த இருமையைத் தமிழ்ப் பெயர் காத்துநிற்கிறது. ஆதலின், மொழிபெயர்ப்புப் படக்கதை ஆய்வில் கதையை மூலத்தோடு ஒப்பிடுவதோடு, அது எவ்வடிவில், எப்பெயரில் வாசகரை அடைந்தது என்பதையும் கருதவேண்டும்.