தண்ணி குடிக்கும் குருணை



எங்க வீட்டில் செடிக்குத் தண்ணி ஊத்துறது என் வேலை. தெருக் குழாயில் நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அது குடிக்கவும் சமைக்கவுமே சரியாப் போயிடும். அதனால் செடிக்கு அடிபம்புத் தண்ணிதான். அது உப்பு. முழு ஆண்டு லீவில் அம்மாச்சி வீட்டுக்கு ஐந்து நாள் போய்ட்டு வந்தேன். நான் வைத்த நாலு மிளகாய்ச் செடியும் காய்ஞ்சு கிடந்தது. அழுகையே வந்துட்டுது. அப்புறம் அப்பா உரக்கடையில் ஒரு சின்ன பாக்கெட் வாங்கி வந்தார். அதுதான் ஹைட்ரோஜெல்.

ஹைட்ரோஜெல் என்றால் என்ன?

பார்க்க ஜவ்வரிசிக் குருணை மாதிரி இருக்கும். தண்ணியில் போட்டால் ஊறி, நுங்கு மாதிரி ஆகிவிடும். புதுதில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்று ஒன்றை உருவாக்கியுள்ளது. அது தன் எடையைப் போல் குறைந்தது 350 மடங்கு தூய தண்ணீரை உறிஞ்சும். மண் காயும்போது வேர் அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மறுபடி தண்ணி ஊத்தினால் மறுபடி ஊறும்.

நான் ஏமாந்த கதை

ஜெல்லை அடிபம்புத் தண்ணியில் ஊறவைத்து ஒரு தொட்டி மண்ணில் கலந்தேன். இன்னொரு தொட்டியில் வெறும் மண். இரண்டிலும் மிளகாய் நாற்று வைத்தேன். வேர் பிடித்ததும் தண்ணி ஊத்துவதை நிறுத்தினேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே நாளில் வாடிப்போச்சு! அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "எந்தத் தண்ணியில ஊற வச்சே?" என்று கேட்டார். அப்போதான் எனக்குப் பொறி தட்டியது.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மழைத்தண்ணி, ஒன்றில் உப்புத்தண்ணி. இரண்டிலும் கால் டீஸ்பூன் ஜெல் போடுங்கள். மறுநாள் பார்த்தால், மழைத்தண்ணி முழுவதும் ஜெல்லாகி இருந்தது. உப்புத்தண்ணியில் பாதிக்கு மேல் தண்ணி அப்படியே நின்றது. ஊறிய ஜெல் மேல் ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். குடித்த தண்ணியை அது கக்கிவிட்டது!

காரணம் என்ன?

ஜெல் என்பது மிக நுண்ணிய வலை. வலை முழுவதும் ஒரே வகை மின்சுமைகள் இருக்கின்றன. தண்ணி உள்ளே போனதும் அவை ஒன்றையொன்று தள்ளும். வலை விரிந்து நிறையத் தண்ணி பிடிக்கும். உப்பு இருந்தால் அந்தத் தள்ளும் விசை குறைந்துவிடும். வலை சரியாக விரியாது.

அடுத்த தடவை மழைத்தண்ணியில் ஊறவைத்துச் செய்தேன். வெறும் மண் தொட்டிச் செடி மூன்றாம் நாள் வாடியது. ஜெல் தொட்டிச் செடி ஐந்தாம் நாள்தான் வாடியது. இப்போ ஓட்டில் வடியும் மழைத்தண்ணியைக் குடத்தில் பிடித்து வைக்கிறேன். நல்ல தண்ணியில் அரிசி கழுவிய தண்ணியையும் அம்மா எனக்காக எடுத்து வைக்கிறாங்க.

கவனிக்க வேண்டியவை

1. பாக்கெட்டில் போட்டுள்ள அளவுக்கு மேல் போடக்கூடாது. மண் சொதசொதவென்று ஆகி வேர் அழுகிவிடும்.

2. ஊறவைத்து, வேர் இருக்கும் ஆழத்தில் மண்ணோடு கலக்க வேண்டும். மேலாகத் தூவினால் பயனில்லை.

3. குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பரில் உள்ள ஜெல்லைச் செடிக்குப் போடாதீர்கள். அதில் சோடியம் இருக்கிறது. மண்ணுக்கு ஆகாது.

4. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதி, குடலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

ஹைட்ரோஜெல் தண்ணியைச் சேர்த்து வைக்கும், தண்ணியை உண்டாக்காது. அதுவும் நல்ல தண்ணியைத்தான் நன்றாகச் சேர்க்கும். அதனால் முதலில் மழைத்தண்ணியைப் பிடிப்போம். பிறகு ஜெல் வாங்குவோம்.

உங்களுக்கு ஒரு கேள்வி: நம் பள்ளிக் கட்டட மாடியில் விழும் மழைத்தண்ணி எங்கே போகிறது? கண்டுபிடித்து அடுத்த இதழில் எழுதுங்கள்!

— 9-ஆம் வகுப்பு மாணவி