லெப்பில் நிற்கும் மெஷினை சி.வி.யில் ஏற்றுங்கள்

பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடம் 1961இல் தொடங்கியது. இரசாயனவியலிலும் உயிரியலிலும் பட்டம் எடுத்து வெளியேறுபவர்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. உங்கள் பெட்ச்சில் எல்லோரிடமும் அதே பட்டம்தான். இன்டர்வியூவில் "எச்பிஎல்சி தெரியுமா?" என்று கேட்பார்கள். "பிரெக்டிகலில் பார்த்திருக்கிறோம், சேர்" என்றால் கதை முடிந்தது. கம்பனிக்குத் தேவை நம்பக்கூடிய எண். அதை எடுத்துத் தருபவருக்கே வேலை. ஆகவே, கம்பஸில் இருக்கும்போதே இவற்றைச் செய்து முடியுங்கள்.

1. மைக்ரோபிபெட்டில் தொடங்குங்கள். அறை வெப்பநிலையில் 1,000 மைக்ரோலீற்றர் தண்ணீர் ஏறத்தாழ 1 கிராம். பத்துத் தடவை எடுத்து அனலிட்டிகல் பெலன்ஸில் நிறுங்கள். சராசரியையும் நியம விலகலையும் கணியுங்கள். எண்கள் சிதறினால் முதலில் உங்கள் கட்டைவிரலைச் சந்தேகியுங்கள். பிளஞ்சரை முதல் ஸ்டொப்பையும் தாண்டி அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும்.

2. ஒரு மெஷினையாவது முழுதாகப் பிடியுங்கள். யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீற்றர் நல்ல தொடக்கம். மலைநாட்டில் சாம்பிளுக்கா குறை? தேயிலையில் கஃபீன் அளந்து பாருங்கள். கஃபீன் 273 நானோமீற்றர் அளவில் உறிஞ்சும். அங்கே கண்ணாடிக் குவெட் உதவாது, குவாட்ஸ் வேண்டும். பிளேன் டீயை அப்படியே வைத்தால் பொலிபீனோல்களும் சேர்ந்து உறிஞ்சி எண்ணை ஏற்றிவிடும். கஃபீனைப் பிரித்தெடுத்த பிறகே அளக்க வேண்டும். இந்த 'ஏன்' தெரிந்தவரை இன்டர்வியூ போர்ட் மறக்காது.

3. மெஷின் ஏன் நிற்கிறது என்று படியுங்கள். எச்பிஎல்சியில் பிரஷர் திடீரென ஏறினால் எங்கோ அடைப்பு. மொபைல் ஃபேஸை 0.45 மைக்ரோன் ஃபில்டரில் வடித்தீர்களா? பஃபரை பம்புக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனீர்களா? இரவோடு உப்பு படிந்திருக்கும். பட்டனை அழுத்த ஆள் நிறைய உண்டு. கோளாறைச் சொல்ல ஆள் குறைவு. சம்பள வித்தியாசம் அங்கேதான்.

4. உயிரியல்காரர் கன்ட்ரோலை விடக்கூடாது. டிஎன்ஏ எடுத்தால் 260/280 விகிதம் 1.8க்கு அருகில் வருகிறதா என்று பாருங்கள். பிசிஆரில் டெம்ப்ளேட் போடாத டியூபிலும் பேண்ட் வந்தால், மற்ற லேன்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ரன்னை நம்பாதீர்கள். மீண்டும் செய்யுங்கள்.

5. லொக் புக்கை ஒழுங்காக எழுதுங்கள். சோதனைக்கூடங்களுக்கான தரநிலை ஐஎஸ்ஓ/ஐஈசி 17025, மருத்துவ லெப்புக்கு ஐஎஸ்ஓ 15189. இரண்டும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் கேட்கும். பிழையை டிப்பெக்ஸால் மறைக்காதீர்கள். ஒரு கோடு போட்டு வெட்டி, சரியானதை எழுதி, கையொப்பமும் திகதியும் இடுங்கள்.

6. டெக்னிக்கல் ஒஃபீஸரோடு நல்ல உறவு வையுங்கள். விரிவுரையாளர் தியரி சொல்லித் தருவார். மெஷினைக் கழற்றிப் பூட்டும் விஷயம் இவரிடம்தான் இருக்கும். சேர்விஸ் என்ஜினியர் வரும் நாளைக் கேட்டு வைத்து, அன்று பக்கத்தில் நில்லுங்கள்.

7. கண்டியை விட்டு ஓட அவசரப்படாதீர்கள். ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கன்னொறுவையில் தாவர மரபணு வள நிலையமும் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகமும் இருக்கின்றன. மேலே தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். இறுதியாண்டு புரொஜெக்டுக்கோ ட்ரெய்னிங்குக்கோ வாய்ப்பு உண்டா என்று, விளம்பரத்துக்குக் காத்திராமல், ஈமெயில் போட்டுக் கேளுங்கள்.

8. சி.வி.யில் வேலையை எழுதுங்கள். 'எச்பிஎல்சி அறிவு' என்ற வரியை வெட்டுங்கள். 'ஐந்து நியமக் கரைசல்களில் கலிபிரேஷன் வளைகோடு வரைந்து, தேயிலையில் கஃபீன் அளந்தேன்' என்று போடுங்கள். செய்யாததைப் போடாதீர்கள், இரண்டாவது கேள்வியிலேயே பிடிபடுவீர்கள். அந்த வளைகோட்டின் பிரிண்ட் அவுட்டை ஃபைலில் கொண்டுபோங்கள். கேட்டவுடன் எடுத்து வையுங்கள்.