சிவகங்கைச் சீமையின் வாரிசுகள்

நம் சிவகங்கைச் சீமையை நிறுவிய சசிவர்ணத் தேவர், சேதுபதி மகள் அகிலாண்டேசுவரி நாச்சியாரை மணந்தவர். சசிவர்ணரின் மகன் முத்துவடுகநாதரும் சேதுநாட்டு இளவரசி வேலுநாச்சியாரையே மணந்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் மடிய, 1780இல் சீமையை மீட்டு ஆண்டார் நாச்சியார்.

1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனியார், கௌரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக்கினர். 1829இல் அவர் ஆண் வாரிசின்றி மறைய, ஜமீன் அண்ணன் மகனிடம் சென்றது. விதவையர் வழக்காடினர், பின்னர் மகள் காத்தம நாச்சியார் தொடர்ந்து போராடினார். 1863இல் இலண்டன் பிரிவு கவுன்சில், ஜமீன் தந்தை தாமே அடைந்த சொத்து. ஆகவே மனைவியருக்குப் பின் மகளுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது.

மகன் இருந்திருந்தால் அவ்வுரிமையும் இல்லை. இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழகத்தில் 1989இலும், நாடெங்கும் 2005இலும் சட்டமாயிற்று. வாளேந்திய நாச்சியாரைப் போற்றும் நாம், வழக்காடிய நாச்சியாரையும் மறவாதிருப்போமாக!