வீட்டுத் தொட்டியில் நிலச்சம்பங்கி: முதன்முறை பயிரிடுவோர்க்குச் சில குறிப்புகள்

பூஞ்செடி வளர்த்தலை வேலையற்றோரின் பொழுதுபோக்கென்றே நம் விவசாயிகளில் அநேகர் எண்ணுகின்றனர். நெல்லும் கடலையும் பயிரிடுகிறவர்க்குப் பூந்தொட்டியால் என்ன பிரயோஜனம் என்று அவர்கள் வினவுவதுண்டு. அதற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதலாயிற்று. நிலச்சம்பங்கியை வயலில் வைக்கக் கருதும் ஒருவர், முன்னதாக வீட்டு முற்றத்தில் நாலைந்து தொட்டிகளில் வைத்துப் பார்ப்பாராயின், பின்னால் நேரக்கூடிய பெருநஷ்டம் ஒன்றினின்றும் தப்பலாம். அது எவ்வாறென்பது கீழே விளங்கும்.

நிலச்சம்பங்கி மெக்சிகோ தேசத்துக்குரிய செடி. நாமறிந்த ஆனைக்கற்றாழையின் இனத்தைச் சேர்ந்தது. நம் நாட்டில் சத்தியமங்கலம், நிலக்கோட்டை முதலிய பக்கங்களில் மாலைக்காக மிகுதியும் பயிராகிறது. ஒற்றை அடுக்குப் பூ, பல அடுக்குப் பூ என இரு வகையுண்டு. ஒற்றைக்கு மணம் அதிகம். மாலைக்கும் வாசனைத் தைலத்திற்கும் ஏற்றது. அடுக்குப் பூ தண்டோடு வெட்டிக் குவளையில் வைப்பதற்கு உகந்தது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட சிருங்கார், பிரஜ்வல் ஆகிய இரண்டும் ஒற்றை அடுக்கு ரகங்களே.

1. கிழங்கைப் பொறுக்குதல்

நடுவதற்குரியது, வெங்காயம் போன்று செதில் செதிலாக அமைந்த கிழங்கு. எடை 25 முதல் 30 கிராம் வரை உள்ளதும், கையில் அழுத்தினால் உறுதியாக இருப்பதுமான கிழங்கே நல்லது. மெத்தென்று அமுங்குவதையும், பூஞ்சணம் படர்ந்ததையும், அடித்தட்டு அழுகியதையும் தள்ளிவிட வேண்டும். சிறு கிழங்குகள் முளைக்குமேயன்றி, அவ்வருஷம் பூப்பது அரிது. நிலத்திலிருந்து அகழ்ந்த கிழங்கை உடனே நடலாகாது. நிழலில் பரப்பி, அவ்வப்போது புரட்டிக் கொடுத்து, ஏறத்தாழ ஒரு மாத காலம் ஓய்வில் வைத்துப் பிறகே நடவேண்டும்.

2. தொட்டியும் மண்ணும்

வாயகலம் 12 அங்குலமுள்ள மண் தொட்டியில் மூன்று கிழங்குகள் வைக்கலாம். 8 அங்குலத் தொட்டிக்கு ஒன்றே போதும். அடியில் துளை இருப்பது இன்றியமையாதது. துளையின்மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து, ஒரு விரற்கடை உயரத்திற்குச் சிறு கல்லோ கருங்கல் ஜல்லியோ பரப்புக. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு எரு ஒரு பங்கு கலந்து, தொட்டி ஒன்றுக்கு ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்குத் தூளையும் சேர்க்கவும். களிமண்ணைத் தனியே நிரப்புதல் கூடாது. அதில் நீர் தேங்கும், கிழங்கு அழுகும்.

3. நடவும் நீரும்

ஆனி, ஆடி மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. கிழங்கின் நுனி மேல்நோக்க, மண்மட்டத்திற்கு ஒரு அங்குலம் கீழே இருக்குமாறு நட்டு, ஒருமுறை நன்றாக நீர் விடுக. முளை தோன்றும் வரையில் மண் காய்ந்த பிறகே மறுபடியும் நீர் விடவேண்டும். புதிதாகத் தொடங்குவோர் கெடுப்பது பெரும்பாலும் இவ்விடத்திலேதான். முளையைக் காணோமே என்று தினந்தோறும் நீரூற்றி, கிழங்கை அழுகச் செய்துவிடுகின்றனர். இலைகள் ஒரு சாண் உயர்ந்தபின் நீரைச் சற்று அதிகப்படுத்தலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடமாக இருத்தல் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூந்தண்டு வராது.

ஒரு மாதம் சென்றபின், கடலைப்பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிந்த நீரைப் பத்து மடங்கு தண்ணீருடன் கலந்து, பதினைந்து நாட்களுக்கொருமுறை ஊற்றிவரலாம். நட்ட மூன்று மாதத்தை ஒட்டிப் பூந்தண்டு எழும்பும். மாலைக்கு வேண்டுவோர் முற்றிய மொக்குகளை விடியற்காலையில் பறிக்கவும். குவளைக்கு வேண்டுவோர் அடிப்பூக்கள் இரண்டு மூன்று மலர்ந்ததும் தண்டை வெட்டுக.

4. அழுகலும் வேர்முடிச்சும்

மண்மட்டத்தில் வெண்ணூல் போன்ற பூஞ்சணம் படர்ந்து, கடுகளவான பழுப்பு மணிகள் தோன்றி, இலைகள் சாயுமானால் அது தண்டழுகல் நோய். அச்செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அழித்துவிட வேண்டும். இதே பூஞ்சணம் நிலக்கடலையையும் தாக்கும் என்பதை மறவற்க.

இதனினும் கொடியது கண்ணுக்குப் புலப்படாத வேர்முடிச்சு நூற்புழு. செடி வெளிறிக் குன்றும். வேரைக் கழுவிப் பார்த்தால் முடிச்சு முடிச்சாகத் தெரியும். கடலை, உளுந்து ஆகியவற்றின் வேரிலுள்ள நல்ல முடிச்சுகள் வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பவை. விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழுவின் முடிச்சோ வேரே வீங்கினதால் உண்டாவது, தேய்த்தாலும் உதிராது. இப்புழு கிழங்கோடும் அதில் ஒட்டிய மண்ணோடும் ஊர்விட்டு ஊர் செல்லும். சென்ற இடத்தில் கத்தரி, தக்காளி, வெண்டை முதலியவற்றையும் பற்றும்.

இதனை எழுதுகிறவன் அனுபவித்தே கற்றான். பல வருஷங்களுக்கு முன், என் வீட்டுத் தொட்டியில் குன்றிப்போன சம்பங்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எரு கலந்த நல்ல மண்ணாயிற்றே என்று தொட்டி மண்ணைக் கொல்லையிலிருந்த கத்தரிப் பாத்தியில் கொட்டினேன். வேரைப் பார்க்கவில்லை. அடுத்த போகத்தில் கத்தரி காய்க்கவில்லை. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. பிறருக்குப் பயிர்ப்பாடம் சொல்லிவந்த நான், என் கொல்லையையே கெடுத்துக்கொண்டேன். அப்பாத்தியில் துலுக்கச் சாமந்தியை மாற்றி மாற்றி வைத்து, ஓரளவு சீர்ப்படுத்தச் சில வருஷங்கள் பிடித்தன.

5. தொட்டியே பரீட்சைக்களம்

சம்பங்கி நடவுக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால், ஏக்கருக்கு ஏறக்குறைய 45,000 கிழங்குகள் வேண்டும். இத்தனையையும் பாராமல் வாங்கி நட்டு, அவற்றோடு நூற்புழுவும் வந்துவிட்டால், கிழங்கின் கிரயம் போவதோடு நிலமும் கெடும். ஆகையால், மொத்தமாக வாங்குவதற்கு ஒரு பருவம் முன்பே, அதே தோட்டத்துக் கிழங்குகளில் இருபதை வாங்கிப் பின்வருமாறு பரீட்சிக்கவும்.

தொட்டிக்குரிய மண்ணைக் கோடையில் ஈரமாக்கி, மெல்லிதாகப் பரப்பி, நிறமற்ற பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, ஆறு வாரம் வெயிலில் விட்டு வைக்கவும். அம்மண்ணில் கிழங்குகளை நடுக. அதே மண்ணை நிரப்பிய வேறொரு தொட்டியில், அதே மண்ணில் விதைத்து வளர்த்த தக்காளிச் செடியொன்று இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்துச் சம்பங்கியில் நாலைந்தையும் தக்காளியையும் பிடுங்கி வேரைக் கழுவிப் பார்க்கவும். இரண்டிலும் முடிச்சிருந்தால் மண்ணே பழுது. பரீட்சையை மறுபடியும் செய்க. தக்காளி வேர் சுத்தமாயிருக்கச் சம்பங்கி வேரில் மாத்திரம் முடிச்சிருந்தால், கிழங்கே அதனைக் கொணர்ந்தது. அத்தோட்டத்துக் கிழங்கை வாங்க வேண்டாம். இரண்டும் சுத்தமாயிருந்தால், எஞ்சிய செடிகளைப் பூக்கவிட்டு, இலை மஞ்சளித்ததும் நீரை நிறுத்திக் கிழங்கை எடுக்கவும். பூத்த கிழங்கு மறுமுறை பூவாது. அதனைச் சுற்றி வளர்ந்த பக்கக் கிழங்குகளே அடுத்த நடவுக்கு விதை.

6. ஓர் எச்சரிக்கை

சம்பங்கி வளர்த்துப் பழகினோர் அடுத்தபடியாகச் செங்காந்தளை நாடுவர். அழகிய பூவே, தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஆயினும் அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சுண்டு. அக்கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கித் தின்று உயிரிழந்தோர் உண்டு. சமையற் கிழங்குகளோடு அதனை ஒருபோதும் வைக்கலாகாது. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்திலேயே தொட்டியை வைக்கவேண்டும். தவறி உண்டவரை, வாந்தி வரட்டும் என்று காத்திராமல், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எவரேனும் வெளியூரிலிருந்து சம்பங்கிக் கிழங்கு வரவழைப்பதாகக் கேள்வியுற்றால், வேரைப் பார்த்தீரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒருவர் வயலில் புகுந்த புழு, ஏரிலும் மண்வெட்டியிலும் பாய்ச்சல் நீரிலும் அடுத்த வயலுக்குச் செல்லும். வரப்பு அதனைத் தடுக்காது.