பயப்படாதீங்க, பூட்டுங்க!

"ஜிபேயெல்லாம் நமக்கு எதுக்கு வம்பு? மொத்தமா துடைச்சு எடுத்துடுவாங்களாம்!" இப்படிப் பயப்படுற அதே ஆளுங்க, ஜெராக்ஸ் கடை நம்பருக்கு ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பி, பிரின்ட் வாங்கிட்டு திரும்பிக்கூடப் பார்க்காம வந்துடுவாங்க. தங்கச்சிங்களா, பயம் எல்லாருக்கும் இருக்கு. ஆனா அது தப்பான இடத்துல இருக்கு. நம்ம பேரையும் நம்பரையும் நாமளே ஊரெல்லாம் இறைச்சுட்டு ஃபோனைப் பார்த்துப் பயந்து என்ன பிரயோஜனம்? ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தா இந்த வேலையெல்லாம் முடிஞ்சிடும்.

1. ஜெராக்ஸ் கடையில கறாரா இருங்க

நீங்க அனுப்பின ஃபைல், கடை கம்ப்யூட்டர்ல டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல போய் உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப்ல 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' போட்டாலும், இறங்கின காப்பி அப்படியேதான் இருக்கும். அதனால பக்கத்துலயே நின்னு டெலீட் பண்ணச் சொல்லுங்க, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணச் சொல்லுங்க. கோணலா விழுந்த பிரின்ட்டையும் கையோட வாங்கிட்டு வந்துடுங்க. யாருக்கு ஜெராக்ஸ் கொடுத்தாலும், எழுத்து மேலேயே குறுக்கால "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்"ங்கிற மாதிரி காரணத்தை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்க. லாட்ஜ் மாதிரி இடத்துக்கு 'மாஸ்க்டு ஆதார்' கொடுங்க. அதுல கடைசி 4 நம்பர் மட்டும்தான் தெரியும். மைஆதார் சைட்லயே இலவசமா டவுன்லோட் பண்ணலாம்.

2. கைரேகைக்கு ஒரு பூட்டு

ஆதார் நம்பரும் கைரேகையும் இருந்தா, ஓடிபி இல்லாமலே அக்கவுன்ட்ல இருந்து பணம் எடுக்குற வசதி இருக்கு. கிராமத்துல பேங்க் மித்ரா மெஷின்ல எடுக்குறாங்களே, அதுதான். பத்திரப்பதிவுத் தாள்ல இருந்த ரேகையை நகலெடுத்து, இந்த வழியில பணத்தைச் சுருட்டின வழக்குகள் பல மாநிலங்கள்ல பதிவாகியிருக்கு. மைஆதார் சைட்ல 'பயோமெட்ரிக் லாக்' போட்டுடுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: பூட்டு போட்டா ரேஷன் கடையில ரேகை எடுக்காது. கிளம்புறதுக்கு முன்னாடி தற்காலிகமா திறந்துக்கலாம். உங்க ஆதாரை எங்கெங்கே சரிபார்த்திருக்காங்கன்னு, கடைசி 6 மாச விவரமும் அதே சைட்ல கிடைக்கும்.

3. உங்க பேர்ல எத்தனை சிம்?

'சஞ்சார் சாத்தி' மத்திய அரசோட சைட். அதுல உங்க மொபைல் நம்பரையும் ஓடிபியையும் போட்டா, உங்க பேர்ல ஓடுற கனெக்‌ஷன் எல்லாம் வரிசையா வரும். தெரியாத நம்பர் இருந்தா 'நாட் மை நம்பர்' கொடுங்க. அந்த சிம்மை வெச்சு எவனோ ஊரை ஏமாத்தினா, போலீஸ் முதல்ல வர்றது உங்க வீட்டுக்குத்தான்.

4. உங்க பேர்ல யாரு கடன் வாங்கினது?

பான் கார்டு காப்பி கைமாறினா, கடன் ஆப்ல உங்க பேர்ல லோன் ஏறலாம். வசூல் ஆளு ஃபோன் பண்றப்பதான் நமக்கே தெரியும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க்னு நாலு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி எடுத்தா, வருஷம் முழுக்கக் கண்காணிச்ச மாதிரி ஆச்சு. கடன் பட்டியலோட 'என்கொயரி' பகுதியையும் படிங்க. நீங்க போகாத கம்பெனி பேர் அதுல இருந்தா உடனே 'டிஸ்ப்யூட்' போடுங்க, போலீஸ்லயும் புகார் கொடுங்க. அடுத்தவங்க அடையாளத்தைத் திருடுறது ஐடி சட்டம் 66சி பிரிவுல குற்றம். 3 வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டு.

5. ஃபோன்ல வர்ற மிரட்டல்

காக்கிச்சட்டையில வீடியோ கால்ல வந்து "உங்க பார்சல்ல போதைப்பொருள் இருந்துச்சு, டிஜிட்டல் அரெஸ்ட் பண்றோம், லைனை கட் பண்ணாதீங்க" அப்படின்னா, முதல் வேலையா கட் பண்ணுங்க. நம்ம சட்டத்துல அப்படி ஒரு கைதே கிடையாது. பயந்தவங்களுக்கு யோசிக்கத் தோணாதுங்கிறதுதான் அந்தத் திருடனோட மூலதனம்.

மிச்சத்தையும் சுருக்கமா சொல்லிடுறேன். பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்லை. 'கல்யாணப் பத்திரிகை', 'டிராஃபிக் அபராதம்'னு ஏபிகே ஃபைல் வந்தா தொடவே தொடாதீங்க. கூரியர்க்காரன்னு சொல்லி *401*-ல ஆரம்பிக்கிற நம்பரை அழுத்தச் சொன்னா, உங்களுக்கு வர்ற ஃபோன் காலையெல்லாம் அவன் பக்கம் திருப்பப் பார்க்குறான்னு அர்த்தம். தெரியாம அழுத்திட்டா ##002# போட்டு ரத்து பண்ணுங்க. வாட்ஸ்அப்ல 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' இன்னிக்கே போட்டுடுங்க.

6. பணம் போயிடுச்சா?

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவுறதுக்குள்ள சொன்னாதான் நடுவுல நிறுத்தி வைக்க முடியும். எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த பேங்க், டிரான்ஸாக்‌ஷன் நம்பர் என்னன்னு கையில வெச்சுக்கிட்டுப் பேசுங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-லயும் புகாரைப் பதிவு பண்ணுங்க. பேங்குக்கும் எழுத்துல கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கோங்க. உங்க மேலயும் பேங்க் மேலயும் தப்பில்லாம போன பணமா இருந்து, 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் உங்களுக்கு இல்லைன்னு 2017-லயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கு. ஓடிபியை நாமளே கொடுத்திருந்தாலும், பேங்க்ல புகார் சொன்னதுக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்க்தான் பொறுப்பு. அதனால எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்றதுதான் லாபம். "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் கட்டுங்க"ன்னு பின்னாலேயே ஒருத்தன் வருவான். அவனும் அதே கூட்டம்தான்.

இன்னொரு பயத்தையும் சொல்லணும். அம்மா, அப்பா, மாமியார் யாராச்சும் ஏமாந்துட்டா, பிள்ளைங்க கத்துவாங்களேன்னு ரெண்டு நாள் வாயே திறக்கமாட்டாங்க. திருடனுக்கு அந்த ரெண்டு நாள் போதும். "எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லு, நான் திட்டமாட்டேன்"னு இப்பவே சொல்லி வைங்க. சொன்னபடி நடந்தும் காட்டுங்க. அப்படியும் திட்டியே ஆகணும்னா, 1930-க்கு அடிச்சு முடிச்சுட்டுத் திட்டுங்க.