பைப் மாற்றப் போகும் தம்பிகளுக்கு

வேலூரில் பாகாயம், ஓட்டேரிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பிவிசி பைப் மாற்றக் கூப்பிடுகிறார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் இதையெல்லாம் மனதில் வையுங்கள்.

1. ரம்பத்தை எடுப்பதற்கு முன், எது போர் தண்ணீர், எது கார்ப்பரேஷன் தண்ணீர் என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள். பழைய வீடுகளில் இரண்டும் ஏதாவது ஒரு டீயில் சேர்ந்திருக்கும். தோல் கழிவால் நம் பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. அந்தத் தண்ணீரும் குடிக்கிற தண்ணீரும் ஒரே பைப்பில் ஓடலாமா? வீட்டுக்காரருக்கு வேறு எதற்கும் காசு இல்லாவிட்டாலும், இதை மட்டுமாவது பிரித்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

2. மொட்டை மாடியில் வெயில் தின்ற பைப்புக்கு ஒட்டுப் போடாதீர்கள். வெட்டும்போது சில்லு சில்லாக உடைகிறதென்றால் அந்த லைன் முழுவதையும் எடுங்கள். புது பைப்புக்கு எமல்ஷன் பெயிண்ட் அடியுங்கள்.

3. கீசர் லைனில் வெள்ளை பிவிசி கூடவே கூடாது. 45 டிகிரிக்கு மேல் அது தாங்காது. சிபிவிசி போடுங்கள், அதற்குரிய சால்வென்ட்டையே பூசுங்கள்.

4. பெரும்பாலும் ஒழுகுவது ஜாயின்ட்தான். பைப்பை நேராக வெட்டி, பிசிறை எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, கால் சுற்றுத் திருப்பி முழுவதும் ஏற்றி, அரை நிமிடம் விடாமல் பிடியுங்கள். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் மறுநாள்தான் தண்ணீரைத் திறக்க வேண்டும். சுவர் பூசுவதற்கு முன் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால் தடவிப் பாருங்கள், பைப் போகும் வழியைப் போட்டோ எடுத்து வீட்டில் கொடுங்கள்.

5. சில வீடுகளில் பழைய ஜிஐ பைப்பில் எர்த் ஒயர் கட்டியிருப்பார்கள். அங்கே பிளாஸ்டிக் போட்டால் எர்த் அறுந்துபோகும், கீசரில் ஷாக் அடித்து உயிர் போகலாம். எலக்ட்ரீஷியன் தனி எர்த் போடும்வரை அந்த பைப்பைத் தொடாதீர்கள்.

6. முன்பெல்லாம் பிவிசியில் ஈயம் சேர்ப்பது வழக்கம். அதைக் கட்டுப்படுத்த மத்திய அரசு 2021இல் விதி கொண்டுவந்தது. பிவிசியில் ஐஎஸ் 4985, சிபிவிசியில் ஐஎஸ் 15778 என்று அச்சடித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பழைய பைப்பை மாற்றும்வரை, இரவெல்லாம் அதில் தேங்கி நின்று காலையில் முதலில் வரும் தண்ணீரைச் செடிக்கு விடச் சொல்லுங்கள்.

7. கழற்றிய பிவிசியைத் தெருவில் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை விஷம். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள்.