ஓவர்கிளாக்கிங்: சோதனையைக் கத்திரி வெயிலில் செய்யுங்கள்

கேம்ஸ் விளையாட மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு வாங்கியிருக்கிறீர்களா? 17 செ.மீ. சதுரம்தான், கேபினெட்டும் சிறியது, காற்றோட்டம் குறைவு.

பயாஸில் அடிப்படை வேகம் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 40 என்றால் பிராசஸர் 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். மல்டிபிளையரை 41 ஆக்கினால் அதுவே ஓவர்கிளாக்கிங். (இன்டெல் என்றால் பெயரில் கே எழுத்துள்ள பிராசஸரும் இசட் வரிசை சிப்செட்டும் வேண்டும்.) ஒவ்வொரு படி ஏற்றியதும் பிரைம்95 புரோகிராமை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள், அதை 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் சுமார் 21 சதவீதம் கூடும்.

காணை, விழுப்புரம் பக்கம் மார்கழிக் காலையில் தேறிய போர்டு சித்திரை மதியத்தில் ஹேங் ஆகலாம். அறை வெப்பம் 15 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். ஆகவே ஏசி போடாமல் மதியம் 2 மணிக்குச் சோதியுங்கள். 90 டிகிரியைத் தொட்டால் ஒரு படி இறக்குங்கள். கம்ப்யூட்டர் பூட் ஆகவே மறுத்தால் பதற வேண்டாம். பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, மேனுவலில் உள்ளபடி கிளியர் சிமாஸ் ஜம்பரைப் பயன்படுத்தினால் பயாஸ் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.